என் மனைவி தூங்கிய மியூசியங்கள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, அரியலூரில் எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"லண்டன்ல என்னென்ன சார் பாத்தீங்க?" என்று கணக்கு வாத்தியார் கேட்டார்.

நான் போனது லண்டனுக்கு இல்லை, வேல்ஸுக்கு என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அது எடுபடாது. மேற்கே பிளேன் ஏறினால் ஒன்று துபாய், இல்லாவிட்டால் லண்டன்.

"மியூசியம் பாத்தேன் சார்."

"மாசம் பூராவுமா?"

"கிட்டத்தட்ட பூராவும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பயணக் களைப்பு இன்னும் போகவில்லை என்று சொல்லி, மணி அடிப்பதற்கு முன்பே வகுப்புக்கு எழுந்து போய்விட்டேன். களைப்பு உண்மைதான். அது பயணத்தால் வந்ததல்ல.

என் மனைவி நர்ஸிங் டிப்ளமோ படித்தவள். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தாள். எங்கள் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, வேல்ஸில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜென்சி மூலம் தெரிந்தது. மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் அப்போது பேச்சு. மனைவி விண்ணப்பித்தாள். அது நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த வேலைக்குப் போகிறவர்கள் இனிமேல் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்று அங்கே சட்டம் மாறிவிட்டது. ஏஜென்சிக்காரர் அதை ஏதோ பஸ் நேரம் மாறியதைச் சொல்வதைப் போலச் சொன்னார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று அவளும் கேட்கவில்லை. போய்விட்டாள்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்து சோறாக்கி, மகளுக்கு டப்பா கட்டி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அரியலூர் போய், பாடம் நடத்தி, அதே புழுதியில் திரும்பி வந்து மறுபடி சோறாக்கி முடிக்கும்போது, அங்கே மனைவி வேலைக்குக் கிளம்பும் நேரமாகிவிடும். இல்லாவிட்டால் வேலை முடிந்து வந்து பேசத் தெம்பில்லாமல் படுத்திருப்பாள். போன் திரையில் அவள் முகத்தைப் பார்ப்பேன். "சாப்ட்டீங்களா?" என்பாள். "சாப்ட்டேன், நீ?" என்பேன். அவ்வளவுதான்.

இரண்டாவது கோடை விடுமுறையில் விசிட்டர் விசா கிடைத்தது. மகளைச் செந்துறையில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். மனைவி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஆசை.

ஸ்வான்சீ நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். ஒரு காலத்தில் நிலக்கரி எடுத்த ஊர். இப்போது சுரங்கம் ஒன்றும் இல்லை. அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த கோட்டயத்துப் பெண் எனக்காக முன்னறைக்கு மாறிக்கொண்டாள். நான் போய்ச் சேர்ந்த அன்றே என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து, போனில் குறித்து வைத்திருந்ததைப் படித்துக் காட்டினாள்.

"நாளான்னிக்கு கார்டிஃப் பக்கத்துல வூடுங்க மியூசியம். அடுத்த வாரம் கம்பளி மியூசியம். அப்புறம் ஒரு நாள் சாயந்திரம் இங்கயே பாட்டுக் கேக்கப் போறோம். அப்புறம் சொரங்கம். கடைசியா வடக்க ஒரு கோட்டை, அதுக்கு ரயில்ல ரொம்ப தூரம் போவணும்."

"நீ எல்லாம் பாத்துட்டியா?"

"எங்கேருந்து பாக்குறது? நீங்க வருவீங்கன்னுதான் லீவு சேத்து வச்சிருக்கேன்."

அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். அங்கே ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். ஆனாலும் அத்தனை ஆசையாகச் சொல்கிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன்.

வீடுகள் மியூசியம் ஒரு பெரிய தோப்புக்குள் இருந்தது. அந்த நாடு முழுக்கத் தேடி, பழைய வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து, முன்பிருந்த மாதிரியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு விவசாயி வீட்டுச் சுவர் முழுக்க எங்கள் பக்கத்துக் கோயில் மதில் காவியைவிட அடர்ந்த சிவப்பு. பேய் பிசாசு அண்டாமல் இருக்க அப்படி அடித்தார்களாம். இரும்பாலைத் தொழிலாளிகள் குடியிருந்த ஒரு வரிசை வீடுகளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தலைமுறையில் எப்படி இருந்ததோ அப்படி அலங்கரித்திருந்தார்கள். முதல் வீட்டில் மெழுகுவத்தியும் மரப்பலகையும். கடைசி வீட்டில் டிவி. என் மனைவி முதல் இரண்டு வீட்டுக்குள் வந்தாள். மூன்றாவது வீட்டு வாசலில் நின்றுகொண்டாள்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் இப்புடி நிக்கிறேன்."

வெளியே வந்து பார்த்தால் அவளைக் காணோம். தேடிப் போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னத் தேவாலயம் இருந்தது. அதுவும் எங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியதுதான். உள்ளே மர பெஞ்சில், கைப்பையை மடியில் கட்டிப்பிடித்தபடி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த மியூசியத்து அம்மாள் ஒருத்தி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பிறகு கையாலேயே, நீ போய்ச் சுற்று, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் போகவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். சுற்றுலா வந்தவர்கள் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். எனக்கும் கால் வலித்தது. கண் எரிந்தது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து, மனைவியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தேன். உச்சியில் நரை கூடியிருந்தது. போன் திரையில் அது தெரிந்ததில்லை.

எழுந்ததும் பதறிப்போனாள்.

"எழுப்பியிருக்கக் கூடாதா? நேரம் போயிடுச்சே! அந்த ரொட்டிக் கடை, பள்ளிக்கூடம் ஒண்ணுமே பாக்கலயே."

"பரவால்லம்மா."

"என்ன பரவால்ல? வாங்க, போட்டோவாவது எடுப்போம்."

சிவப்பு வீட்டு முன்னால் நின்று சிரித்தாள். அதைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டாள். பஸ்ஸில் வரும்போதே செந்துறையிலிருந்து மகள் பதில் அனுப்பியிருந்தாள்: 'சூப்பர்மா, ஜாலியா இருக்கீங்க போல.' அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். அந்த ஊரில் சாலையிலேயே பெரிய எழுத்தில் இரண்டு மொழியிலும் 'மெதுவாக' என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மொழியில் அது 'அராவ்'. வளைவுக்கு வளைவு அந்த வார்த்தை வந்துகொண்டே இருந்தது. அவள் தூங்கிவிட்டாள்.

கம்பளி மியூசியத்திலும் தூங்கினாள். பழைய தறி ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள், காது கிழியும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே சுவரோர நாற்காலியில் எப்படித் தூங்க முடிந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அன்று காலையில்தான் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். அவள் லீவு போட்டிருந்த நாள்தான். ஆனால் முந்தின நாள் சாயந்திரம் மேனேஜர் போன் செய்து, ஆள் வரவில்லை, வர முடியுமா என்று கேட்டிருந்தார். விசா அவர்கள் கையில் இருக்கும்போது முடியாது என்று சொல்லப் பயம். அந்தப் போன் எப்போது அடித்தாலும் அவள் தோள் ஒரு துளி மேலே ஏறி இறங்குவதைக் கவனித்தேன்.

"இன்னிக்குப் போவ வேணாம், படுத்துத் தூங்கு" என்று நான் காலையிலேயே சொல்லிப் பார்த்தேன்.

"வந்துட்டு எதையும் பாக்காமப் போனீங்கன்னா ஊருல கேக்க மாட்டாங்களா? எந்திரிங்க" என்று ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள்.

பாட்டுக் கேட்கப் போனது அவள் இருந்த ஊரிலேயே. சுரங்கத் தொழிலாளிகள் அந்தக் காலத்தில் தங்கள் கூலியில் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக் கட்டிய மன்றம் ஒன்று கடைத்தெருவில் இருக்கிறது. மேலே நூலகம், கீழே மேடை. வாரம் ஒரு நாள் ஆண்கள் மட்டும் சேர்ந்து பாடும் குழு அங்கே ஒத்திகை பார்க்கிறது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பாடுகிறவர்களில் பெரும்பாலும் வயசானவர்கள். சிலர் கைத்தடியோடு வந்து, அதை நாற்காலியில் மாட்டிவிட்டு எழுந்து நின்று பாடினார்கள். அவர்கள் மொழிப் பாட்டு. ஒரு வார்த்தை புரியவில்லை. அத்தனை பேரும் ஒன்றாகக் குரலைத் தாழ்த்தும்போது பலகைத் தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு செருப்பு வழியாகக் காலில் ஏறியது. அதை அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினால், அவள் என் தோளில் தூங்கியிருந்தாள்.

இடைவேளையில் எல்லோரும் தேநீர் குடிக்கக் கலைந்தார்கள். பின்வரிசையில் கட்டைக் குரலில் பாடிய ஒரு பெரிய உருவம், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயசு மூத்தவர், கோப்பையோடு எங்களைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பி வந்தார். அவள் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"உங்கள் மனைவியா?" என்று மெல்லக் கேட்டார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. நிதானமாகவே பேசினார்.

அவருடைய அம்மா என் மனைவி வேலை செய்யும் இல்லத்தில்தான் கடைசி நாட்களில் இருந்தாராம். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனபோது அந்த அம்மாளுக்கு முதலில் ஆங்கிலம் போய்விட்டது. சின்ன வயசில் பேசிய வேல்ஸ் மொழி மட்டும் மிஞ்சியது.

"நான் அந்த மொழியில் பாடுவேன். எல்லாப் பாட்டும் மனப்பாடம்" என்றார். "பேசத் தெரியாது. எனக்கு வீட்டில் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா என்ன கேட்கிறாள் என்று பக்கத்தில் இருந்தும் எனக்குப் புரியவில்லை. உங்கள் மனைவிக்குப் புரிந்தது. இவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்."

எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். தன் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, வேறொன்று வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனார். அவர் மறுபடி பாடும்போது எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவளிடம் சொன்னேன்.

"நீ அந்த பாஷை கத்துக்கிட்டியா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"எங்க கத்துக்கிட்டேன்? எங்ககூட வேலை செய்யிற ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. தண்ணி, வலிக்குது, குளுருது. மூணு வார்த்தைதான்."

"அவரு என்னமோ நீ நல்லாப் பேசுவேன்னு நெனச்சிருக்காரு."

"அந்தம்மா கேட்டதும் அந்த மூணுதாங்க."

மேடான தெரு. மூச்சு வாங்க நின்று நின்று ஏறினோம். இரண்டு வருஷமாகத் தினமும் பேசியிருக்கிறோம், ஒரு சாவைப் பற்றிக்கூட அவள் எனக்குச் சொன்னதில்லை. அந்த வேலையில் எத்தனை சாவு இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சுரங்கத்துக்குப் போக இரண்டு பஸ், ஒரு ரயில். மழை வேறு. மூடிவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தை மியூசியமாக்கி, அங்கே முன்பு வேலை செய்தவர்களையே வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். தலைக்கு ஹெல்மெட், அதில் விளக்கு, இடுப்பில் கனமான பெல்ட் கட்டிவிட்டார்கள். பேட்டரி உள்ள எந்தப் பொருளும் கீழே வரக்கூடாது, பொறி பட்டால் ஆபத்து என்று போன், வாட்ச் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் மனைவி போனைக் கொடுப்பதற்கு முன்பு ஒரு தடவை பார்த்தாள். கொடுத்த பிறகு வெறும் கையை என்ன செய்வது என்று தெரியாமல் மழைக்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

இரும்புக் கூண்டில் இறங்கினோம். கீழே குளிர். கூரை தாழ்ந்த வழியில் குனிந்தே நடக்க வேண்டும். குதிரைகள் கட்டியிருந்த கொட்டடியைக் காட்டினார் வழிகாட்டி. பாதை நடுவே ஒரு மரக்கதவு இருந்தது. சின்னப் பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்து, வண்டி வரும்போது அதைத் திறந்து மூடுவதுதான் அவர்கள் வேலையாம். பிறகு அவர் எல்லோரையும் ஓரிடத்தில் நிற்கச் சொல்லி, விளக்கை அணைக்கச் சொன்னார்.

அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் கரண்ட் போனால்கூட ஏதாவது ஒரு வெளிச்சம் கசியும். இங்கே கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியவில்லை. எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"போதுங்க எனக்கு" என்றாள் காதருகே.

"இரு, இப்ப வெளக்கு போட்ருவாங்க. மேல போயிடலாம்."

"நான் அதச் சொல்லல."

விளக்குகள் எரிந்தன. அவள் முன்னால் குனிந்து நடந்துகொண்டிருந்தாள்.

மேலே வந்து போனைத் திரும்ப வாங்கியபோது மேனேஜரிடமிருந்து தவறிய அழைப்புகள் இருந்தன. அவள் திரையைப் பார்த்தாள். அப்படியே அணைத்துப் பைக்குள் போட்டாள். கேன்டீனில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வெளியே மலை முழுக்க மழை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் கேட்டாள்:

"உண்மையச் சொல்லுங்க. இதெல்லாம் பாக்கணும்னு உங்களுக்கு ஆசையா?"

நான் யோசித்தேன். "இல்லம்மா. நீ ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்கியேன்னு வந்தேன்."

"அய்யோ கடவுளே! எனக்கா ஆசை? தமிழ் வாத்தியாரு, பழசுன்னா உங்களுக்குப் புடிக்கும்னு நான் தூக்கத்த விட்டுட்டு அலையிறேன்."

"நீ எங்க தூக்கத்த விட்ட? எல்லா மியூசியத்துலயும் தூங்கிட்டுத்தானே இருந்த."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"பாப்பா பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு வந்துடுறேங்க" என்றாள். "அதுக்கு மேல என்னால முடியாது. டாக்டரு சீட்டு கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி. நீங்க ஒண்ணும் நெனச்சுக்கக் கூடாது."

"நான் என்ன நெனைக்கப் போறேன்? நாளைக்கே வான்னாலும் சந்தோஷந்தான்."

"நீங்க நெனைக்க மாட்டீங்க. ஊரு நெனைக்கும்."

"நெனச்சுட்டுப் போவட்டும்."

வடக்கே இருந்த கோட்டைக்கு நாங்கள் போகவில்லை. ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, மீதி இருந்த அவளுடைய லீவு நாட்களில் அறையிலேயே இருந்தோம். போனை அவள் அணைத்தே வைத்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினாள். நான் ரசம் வைத்தேன், உருளைக்கிழங்கு வறுத்தேன். கோட்டயத்துப் பெண்ணும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். வெயில் வந்தபோது ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வந்தோம். பேசினோம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்களில்தான் சில பெயர்களை அவள் என்னிடம் சொன்னாள், அவள் கையில் இறந்துபோனவர்களின் பெயர்கள். சமையல் செய்துகொண்டே, முதுகைக் காட்டியபடி, இடையிடையே சொன்னாள்.

நான் திரும்பி வந்தேன். அவள் சொன்னபடியே மகள் பன்னிரண்டாவது முடித்த பிறகு வந்துவிட்டாள். மகளுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. அவள் அதற்கு அழவில்லை, திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறாள். என் மனைவி இப்போது அரியலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். உட்கார இடம் கிடைத்தால் அவளுக்கு, எனக்குக் கம்பி. சம்பளம் குறைவு, இடுப்பு வலி போகவில்லை. "ஏன் வந்துட்டீங்க? அங்கேயே இருந்திருக்கலாமே" என்று கேட்காத ஆள் இல்லை. முதலில் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதற்கும் அலுத்து, "வந்துட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பந்தட்டையிலிருந்து அவளுடைய சித்தப்பா மகள் வந்தாள். நர்ஸிங் முடித்த பெண். அதே ஏஜென்சி, அதே வேலை. போகலாமா வேண்டாமா என்று கேட்க ஸ்கூட்டியில் வந்திருந்தாள்.

என் மனைவி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஷிப்ட் எப்படி இருக்கும், ஆளை எப்படித் தூக்கினால் இடுப்பு பிடிக்காது, எந்த மாதிரி ஸ்வெட்டர் இங்கேயே வாங்க வேண்டும், மேனேஜர் கூப்பிட்டால் எப்படி மறுக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். தண்ணீர், வலி, குளிர் மூன்றுக்கும் அந்த ஊர் வார்த்தையைச் சொல்லச் சொல்லி உச்சரிப்பைத் திருத்தினாள். அந்தப் பெண் போனில் பதிந்துகொண்டாள்.

"ஊரு எப்புடிக்கா இருக்கும்?"

"நல்ல ஊரு. நல்ல ஜனங்க. நான்தான் எதையும் சரியாப் பாக்கல. மாமாவக் கேளு."

நான் சொன்னேன். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் பஸ்ஸை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் டிரைவரைப் பற்றி, ஒரு ஆள் முதுகில் சுமந்து போகும் பரிசல் ஒன்றை ஒரு மியூசியச் சுவரில் மாட்டியிருந்ததைப் பற்றி. காவிரிப் பக்கத்துப் பரிசல் மாதிரியே, ஆனால் நீள்வட்டமாக இருந்தது என்று கையால் காட்டினேன்.

"இது எங்க இருந்துச்சு?" என்று என் மனைவி கேட்டாள்.

"நீ தூங்கிட்டிருந்த."

"ஓ" என்றாள்.

வந்த பெண் காபி குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினாள். அவள் போக முடிவு செய்துவிட்டாள் என்பது வண்டியைக் கிளப்பிய விதத்திலேயே தெரிந்தது. என் மனைவி தெருமுனை வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். மறுநாள் திங்கட்கிழமை. எனக்குத் திருத்த வேண்டிய தேர்வுத்தாள் கட்டு கிடந்தது. அவள் இரண்டு பேர் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். "ஒங்களுக்கு வெள்ளச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று கேட்டாள். ஏதாவது ஒன்று போடு என்றேன்.